படர்தாமரைக்குச் சீமை அகத்தி போதுமா?

வாசகர் கேள்வி: நாங்கள் சென்னை காசிமேட்டில் இருக்கிறோம். ஒரே அறை, ஐந்து பேர். என் கணவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஒரு வருஷமாக அவருக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. மீன்பிடித் தடைக்காலத்தில் அடங்கியது, படகு போக ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிட்டது. மெடிக்கலில் ஒரு ட்யூப் தருகிறார்கள். பூசினால் மூன்றாம் நாளே அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிடப் பெரிதாகப் படர்கிறது. இப்போது எனக்கும் இடுப்பில் வந்திருக்கிறது, ஆறு வயதுப் பையனுக்குக் கழுத்தில். கல்லூரி போகும் மகளுக்கு முதுகில் தேமல். மாமியார் மீன் விற்கிறவர், சர்க்கரை உண்டு, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண். சீமை அகத்தியை எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைத்துப் பூசினால் போய்விடும் என்கிறார் அவர். வேப்பிலை, மஞ்சள், பூண்டு, தேங்காய் எண்ணெய் எல்லாமே பூஞ்சையைக் கொல்வதாக ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்று செல்போனில் வருகிறது. எந்த இலை நிஜமாகவே வேலை செய்யும்? எப்படிப் பூசுவது, எத்தனை நாள்?

சித்த மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னது சரியான இலைதான். படர்தாமரைக்கு நம் மருத்துவத்தில் சொல்லப்படும் மூலிகைகளில் முதலில் கை நீட்டி எடுக்க வேண்டியது சீமை அகத்தி. ஆனால் உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கு இருப்பது ஒரே நோய் அல்ல. கணவர், நீங்கள், பையன் மூவருக்கும் படர்தாமரை. மகளுக்கு இருப்பது வேறு பூஞ்சை. மாமியாரின் கால் தனிக் கதை. ஒரே அரைப்பை எல்லோருக்கும் தடவினால் ஒருவருக்குக் குறையும், ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குப் புண்ணாகிவிடும். அதனால் ஒவ்வொருவராகப் பார்ப்போம். அதற்கு முன்னால் அந்த மெடிக்கல் ட்யூப்.

ட்யூபின் பின்பக்கம் சிறிய எழுத்தில் மருந்துகளின் பெயர் இருக்கும். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அநேகமாக இருக்கும், ஏனென்றால் மூன்றாம் நாளில் அரிப்பு நிற்பது ஸ்டீராய்டின் வேலை. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் தோல் காட்டும் எதிர்ப்பு. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது, பூஞ்சையை அடக்குவதில்லை. எதிர்ப்பு இல்லாத தோலில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். பூசுவதை நிறுத்தியதும் தோல் விழித்துக்கொள்ளும், அதற்குள் வட்டம் இரண்டு மடங்காகியிருக்கும். சிலருக்கு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் என்று இரட்டை ஓரம் தெரியும். அது ஸ்டீராய்டு பூசிய படர்தாமரையின் அடையாளம். மாதக்கணக்கில் பூசினால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ வரி போலக் கோடு கோடாகப் பிளக்கும். அந்தக் கோடுகள் பிறகு மறைவதில்லை. 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் விதியே கொண்டுவந்தது. கவுன்டரில் கேட்டதும் கிடைக்கிறது என்பதற்காக அதை வாங்கிவிடாதீர்கள்.

ஒரு வருஷம் விட்டுவிட்டுப் பூசியவர் நிறுத்தினால் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் எரிச்சலும் கூடும். அதைக் கண்டு பயந்து மறுபடி அதே ட்யூபுக்குப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.

இனி இலைக்கு வருவோம். சீமை அகத்தியும் கீரைக்காரர் கொண்டுவரும் அகத்தியும் வேறு வேறு. அகத்திக் கீரையின் இலை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிசாக இருக்கும். சீமை அகத்தியில் ஒரு காம்பின் இரு பக்கமும் எட்டு முதல் பதினான்கு ஜோடி இலைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளத்துக்கு, நுனி மழுங்கி, தடிப்பாக இருக்கும். பூ மஞ்சள் நிறத்தில் மெழுகுவத்திபோல் நிமிர்ந்து நிற்கும். காயில் நீளவாக்கில் சிறகுபோன்ற விளிம்புகள் ஓடும். வண்டுகொல்லி என்று கேட்டாலும் தருவார்கள். அகத்திக் கீரையை வாங்கி அரைத்துப் பூசிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. அதில் இந்த வேலை செய்யும் சரக்கு இல்லை.

சீமை அகத்தியின் இலையில் ரெய்ன், அலோ எமோடின், க்ரைசோஃபனால் போன்ற ஆந்த்ரகுவினோன்கள் இருக்கின்றன. பூஞ்சையைத் தடுக்கும் பங்கு பெரும்பாலும் இவற்றுக்குத்தான். இதே கூட்டத்துச் சரக்குகள்தான் பேதியையும் உண்டாக்குபவை. அதனால் இந்த இலையைக் கஷாயம் வைத்து யாரும் குடிக்கக் கூடாது, பையனுக்குக் கொடுக்கவே கூடாது. இது வெளிப்பூச்சு மட்டுமே.

பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் கொடுங்கையூர்ப் பக்கத்துக் காலி மனைகளிலும் செடி கிடைத்தாலும் அங்கே பறிக்க வேண்டாம். சாக்கடையும் குப்பையும் ஊறிய மண்ணில் வளர்ந்த இலையை அரைத்து, சொறிந்து சொறிந்து வெடித்திருக்கும் தோலில் வைப்பது நல்லதல்ல. விதையிலிருந்து சுலபமாக முளைக்கும் செடி இது. மொட்டை மாடியில் ஒரு பெயின்ட் வாளியில் மண் நிரப்பி வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் போதுமான இலை தரும். பாரிமுனைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த பொடியாகவும் கிடைக்கும். எவ்வளவு நாள் பழசு என்று தெரியாத பொடியைவிட அன்று பறித்த இலையே மேல்.

அரைக்கும் முறை: உள்ளங்கை அளவு படர்தாமரைக்கு முற்றிய இலை பத்துப் பன்னிரண்டு போதும். கொழுந்து வேண்டாம். நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துணியில் துடைத்து, அரை மணி நேரம் நிழலில் வாட விடுங்கள். ஆறிய வெந்நீர் ஒரு டீஸ்பூன் மட்டும் தெளித்து வெண்ணெய்போல் அரையுங்கள். தண்ணீர் அதிகமானால் விழுது வழிந்துபோகும், இலைச் சரக்கு தோலில் தங்காது. அந்த ஆந்த்ரகுவினோன்கள் வெறும் தண்ணீரில் சரியாக இறங்குவதில்லை. இலையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் கழுவுவது பெரிய பலன் தராததற்குக் காரணம் அதுதான். அரைத்த விழுது அரை மணி நேரத்தில் பழுப்பாக மாறும். அதனால் அன்றாடம் அரைத்து அன்றாடம் பூச வேண்டும். ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்து நான்கு நாள் பூசுவதில் அர்த்தமில்லை.

எலுமிச்சம்பழச் சாறு விடுவது பழைய வழக்கம்தான். ஆனால் உங்கள் கணவருக்கு அது வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். எலுமிச்சையில் வெயில் பட்டால் தோலைச் சுடவைக்கும் ஃபியூரனோகூமரின் என்ற சரக்கு இருக்கிறது. சாறு தோலில் இருக்கும்போதே வெயிலில் நின்றால் மறுநாள் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கருப்புத் தழும்பு. சட்டையைக் கழற்றிவிட்டுக் காலை வெயிலில் ஐஸ் இறக்குபவருக்கு இந்தச் சங்கடம் எதற்கு? இதே காரணத்துக்காகக் கார்போகரிசியும் கூடாது. குளியல் பொடியில் சேர்ப்பார்கள், தோல் நோய்க்கு நல்லது என்று கடையில் அள்ளித் தருவார்கள். அதில் இருக்கும் சோராலென் எலுமிச்சையைவிடக் கடுமையாக வெயிலில் சுடும். மருத்துவர் பார்த்துத் தரும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய விதை அது.

முதல் நாளே முழு இடத்திலும் பூசாதீர்கள். முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய் அளவுக்கு வைத்து, அரை மணி கழித்துக் கழுவிவிட்டு, ஒரு நாள் பாருங்கள். தடிப்போ நீர்க்கொப்புளமோ வராவிட்டால் தொடங்கலாம். இரவில், வேலையெல்லாம் முடிந்து குளித்து, உடம்பை முழுக்கத் துவட்டி, காற்றாடியில் பத்து நிமிடம் காயவிட்ட பிறகு பூச வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: வட்டத்தின் நடுவில் தேய்த்துத் தேய்த்துப் பூசுகிறார்கள். பூஞ்சை நடுவிலிருந்து வெளியே பரவிக்கொண்டே போகும். நடு ஆறித் தெளிந்திருக்கும், உயிரோடு இருப்பது செதில் உதிரும் அந்த மேடான ஓரத்தில். ஓரத்துக்கு வெளியே நன்றாக இருப்பதுபோல் தெரியும் தோலிலும் அது நுழைந்திருக்கும். எனவே ஓரத்திலிருந்து இரண்டு விரல் அகலம் வெளியே தொடங்கி உள்நோக்கிப் பூசுங்கள். கெட்டியாக அப்ப வேண்டாம், தோல் மறையும் அளவு மெல்லிய பூச்சு போதும். ஒரு மணி நேரம் காயவிட்டு வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடலாம். துணியில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறை பிடிக்கும். அதற்கென்று ஒரு பழைய லுங்கியை ஒதுக்கி வையுங்கள். பீர்க்கங்காய் நாரைக் கொண்டு செதிலைத் தேய்த்து எடுப்பது கூடவே கூடாது. அது பூஞ்சையைப் பக்கத்துத் தோலில் விதைப்பதற்குச் சமம்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். மேல்தோல் அடியிலிருந்து முளைத்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். பூஞ்சை அந்த இறந்த மேல் அடுக்கில்தான் குடியிருக்கிறது. ஒரு வாரத்தில் அரிப்பு நின்றாலும் அடுக்கில் மிச்சம் இருக்கும். குறைந்தது நான்கு வாரம், ஓரம் முழுவதும் மறைந்த பிறகு மேலும் இரண்டு வாரம். கண்ணுக்குத் தெரியவில்லை என்று நிறுத்திய இடத்திலிருந்துதான் அது மறுபடி கிளம்புகிறது. அதே நேரம், இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் ஓரம் தட்டையாகாமல், செதில் குறையாமல் இருந்தால் இலையோடு காத்திருக்காதீர்கள்.

தொடையிடுக்கில் இந்த விழுதைப் பூச வேண்டாம். அங்கே தோல் மெல்லியது, எப்போதும் ஈரம், இலை விழுது எரிச்சலைக் கிளப்பும். அதோடு ஸ்டீராய்டு பட்டுப் பட்டு மெலிந்த தோல் அது. உங்கள் கணவருக்கு ஒரு வருஷமாக இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட இடம், ஸ்டீராய்டு பூசியிருக்கிறார், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குப் பரவியிருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் இலையை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அவருக்கு உள்மருந்து தேவைப்படும். ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவு உங்களுக்குப் பக்கம்தான். ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலி இல்லாத, எளிமையான சோதனை. அதற்குப் போகும் முன் ஒரு வாரமாவது எந்த மருந்தும் எந்த இலையும் பூசாமல் இருக்க வேண்டும். பூசியிருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம். ட்யூபையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இப்போது வரும் படர்தாமரை இருபது வருஷத்துக்கு முந்தைய படர்தாமரை அல்ல. இந்தியா முழுக்கப் பரவியிருக்கும் ஒரு வகைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனிப்பெயரே கொடுத்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குச் சுலபமாக ஒட்டும். வழக்கமான டெர்பினஃபின் மாத்திரைக்குப் பல நேரம் அடங்காது. இட்ராகோனசோல் போன்றவற்றை வாரக்கணக்கில் தர வேண்டியிருக்கிறது. அந்த மாத்திரை சில இதய, கொழுப்பு மருந்துகளோடு ஒத்துப்போகாது, ஈரலையும் கவனிக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட சீட்டைக் காட்டி வாங்குவது ஆபத்து.

செல்போனில் வரும் ‘ஆராய்ச்சியில் நிரூபணம்’ பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அந்த ஆய்வுகள் பொய் அல்ல. பெரும்பாலும் இப்படி நடக்கும்: இலையை உலர்த்தி மெத்தனால் என்ற ஒருவகைச் சாராயத்தில் ஊறவைத்து, அதை ஆவியாக்கி, அடியில் தங்கும் கெட்டிச் சாற்றை எடுப்பார்கள். பூஞ்சை தூவிய தட்டில் சிறு குழி வெட்டி அந்தச் சாற்றை விடுவார்கள். குழியைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டருக்குப் பூஞ்சை வளரவில்லை என்று அளப்பார்கள். இந்தச் சோதனையில் ஏதோ ஓர் அளவில் தடுக்காத இலையே அரிது. கேள்வி, எவ்வளவு சாற்றில் தடுத்தது என்பதுதான். டெர்பினஃபினுக்கு அடங்கும் பூஞ்சையை ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவான மருந்தே நிறுத்திவிடும். இலைச் சாறுகளுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. அத்தனை செறிவு, அம்மியில் அரைத்த விழுதிலிருந்து தோலின் அடுக்குக்குள் போய்ச் சேருமா என்பதைத் தட்டு சொல்லாது. ஆளுக்குப் பூசிப் பார்த்தால்தான் தெரியும். சீமை அகத்தியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், அதன் இலைச் சாற்றைத் தேமல் உள்ளவர்களுக்கே பூசிப் பார்த்து 1994-இல் ஆய்வு வெளியானது. குணம் தெரிந்ததாக அதில் பதிவு இருக்கிறது. நாகமல்லி வேருக்கும் இலைக்கும் அடுத்த இடம் தருவேன். அதில் உள்ள ரைனகாந்தின் படர்தாமரைப் பூஞ்சையைத் தடுப்பது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. படர்தாமரைக்கு நெடுங்காலமாகப் பூசியும் வருகிறார்கள்.

வேப்பிலையும் குப்பைமேனியும் அரிப்பைத் தணிக்கும், சொறிந்த இடத்தில் சீழ் பிடிக்காமல் கொஞ்சம் காக்கும். படர்தாமரையை வேரோடு எடுக்கும் பலம் அவற்றுக்கு இல்லை. வேப்பிலை போட்டுக் கொதித்த தண்ணீரில் குளிப்பது நல்ல பழக்கம், மருந்து என்று எண்ணி வேறு எதையும் செய்யாமல் இருந்துவிடக் கூடாது. மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் கரையாது, தோலுக்குள்ளும் சரியாக இறங்காது. அதைவிடப் பெரிய தொல்லை, மஞ்சள் பூசிய இடத்தில் ஓரத்தின் சிவப்பு மறைந்துவிடும். குறைகிறதா படர்கிறதா என்று உங்களால் பார்க்கவே முடியாது.

பச்சைப் பூண்டைப் பற்றிக் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டும். பூண்டிலிருந்து பிரித்த அஜோயின் என்ற சரக்கைக் களிம்பாக்கி நடத்திய சோதனைகளில் நல்ல பலன் வந்தது உண்மை. அது அளந்து செய்த களிம்பு. நசுக்கிய பச்சைப் பூண்டை வைத்துக் கட்டினால் சில மணி நேரத்திலேயே தோல் வெந்துபோகும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். எருக்கம்பால், கொடிவேலி வேர், சேங்கொட்டை இந்த மூன்றும் அதைவிட மோசம். ‘தோலை உரித்துவிட்டால் பூஞ்சை போய்விடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடிவேலி வைத்த இடம் கொப்புளித்துப் புண்ணாகும். எருக்கம்பால் பட்ட கையோடு கண்ணைத் தேய்த்தால் கருவிழியே பாதிக்கப்படும். சித்த மருத்துவத்தில் சேங்கொட்டை சுத்தி செய்தபின்தான், அதாவது அதன் நஞ்சை நீக்கியபின்தான், மருந்தாகிறது. கடையில் வாங்கி நேரே தடவுவது மருந்தல்ல.

பையனுக்கு: கழுத்தில் ஒரே ஒரு சிறிய வட்டம் என்றால், கையில் சோதித்துப் பார்த்தபின், சீமை அகத்தி விழுதை எலுமிச்சை இல்லாமல் அரை மணி நேரம் மட்டும் வைத்துக் கழுவலாம். நகத்தைக் குறுக வெட்டிவிடுங்கள். தலையை விரித்துப் பாருங்கள், முடி ஒடிந்து வட்டமாகச் சொட்டை தெரிந்தாலோ செதில் இருந்தாலோ இலை எதையும் தடவ வேண்டாம். தலையில் பூஞ்சை முடியின் வேருக்குள் இறங்கியிருக்கும், மேலே பூசும் எதுவும் அங்கே எட்டாது. எடைக்கு ஏற்ற அளவில் வாய்வழி மருந்து கொடுத்தே ஆக வேண்டும். தெருவில் முடி கொட்டிய பூனைக்குட்டியோடு விளையாடுகிறானா என்றும் கவனியுங்கள், பூனையிடமிருந்தும் வரும்.

மகளின் தேமல் மலசீசியா என்ற பூஞ்சையால் வருவது. அது எல்லோர் தோலிலும் இருப்பது, எண்ணெய்ப் பசையைத் தின்று வாழ்வது. வியர்வையும் பிசுக்கும் கூடினால் பெருகும். இங்கேதான் தேங்காய் எண்ணெய் ஏமாற்றும். தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் சில கிருமிகளைத் தடுக்கும் என்பது சரி. ஆனால் மலசீசியாவுக்கு அப்படிப்பட்ட கொழுப்பு அமிலங்கள் உணவு. தேமல்மேல் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டால் அதற்குச் சோறு போட்டதாகும். தலைக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னுபவர்களுக்கு முதுகிலும் பின்கழுத்திலும் தேமல் விடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அவளுக்கு எண்ணெயே இல்லாத சீமை அகத்தி விழுது ஒத்துவரும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன், மூன்று வாரம். அது கஷ்டம் என்றால் கீட்டோகோனசோல் ஷாம்பூவை முதுகில் தடவி ஐந்து பத்து நிமிடம் விட்டுக் கழுவுவது போதும். பூஞ்சை செத்த பிறகும் வெளுத்த புள்ளி உடனே மறையாது. நிறம் திரும்ப இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பொடிச் செதில் வரவில்லை என்றால் பூஞ்சை போய்விட்டது. நிறம் வரவில்லையே என்று மருந்தை மாற்றி மாற்றிப் பூச வேண்டாம்.

வீட்டில் களிம்பு காய்ச்சுவதைப் பலர் விரும்புவார்கள். சீமை அகத்தி இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் சம அளவு, கால் லிட்டருக்குக் கால் லிட்டர், சிறு தீயில் நீர் முழுக்கச் சுண்டும்வரை காய்ச்சி, அடியில் நிற்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகுபோல் திரளும் பதத்தில் இறக்கி வடிகட்டி, முப்பது கிராம் தேன்மெழுகு உருக்கிச் சேர்ப்பார்கள். திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று பொரியாமல் எரிய வேண்டும். பொரிந்தால் நீர் மிச்சம் இருக்கிறது, இரண்டு வாரத்தில் களிம்பிலேயே பூசணம் பூக்கும். தீ மிஞ்சினால் கருகி, சரக்கு வீணாகும். ஒரே அறையில் குழந்தையை வைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம் என்பது என் எண்ணம். அரசு சித்தப் பிரிவுகளில் சீமை அகத்தி களிம்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கும் போகலாம். களிம்பு உங்கள் இடுப்புக்குச் சரி. மகளின் தேமலுக்கும் கணவரின் தொடையிடுக்குக்கும் எண்ணெய்க் களிம்பு ஆகாது.

மருந்தைவிட உங்கள் வீட்டில் முக்கியம் துணி. தடைக்காலத்தில் அடங்கி, தொழில் தொடங்கியதும் வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர் உலர்ந்த துணியில் இருந்தார். மற்ற நாளில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைந்த லுங்கியும் உள்ளாடையும் உடம்போடு ஒட்டி விடியற்காலையிலிருந்து மத்தியானம்வரை கிடக்கிறது. மாற்று உள்ளாடையும் லுங்கியும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். சுமை முடிந்ததும், வீட்டுக்கு வரும்வரை காத்திராமல், அங்கேயே துடைத்து மாற்றிக்கொள்ளட்டும். இறுக்கமான பாலியெஸ்டர் அரைக்கால் சட்டை வேண்டாம், தளர்ந்த பருத்தி போதும்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு எப்போதும் ஈரமாக, அழுக்கும் செதிலும் ஏறி, இடுப்பைச் சுற்றி வரும் படர்தாமரையின் நடுவே கிடக்கும். எத்தனை மருந்து பூசினாலும் கயிற்றிலிருந்து மறுபடி தொற்றும். அவருடையதையும் பையனுடையதையும் அறுத்து எறிந்துவிடுங்கள், தோல் முழுக்க ஆறியபின் புதிதாகக் கட்டலாம். உங்கள் இடுப்பில் பாவாடை நாடா இறுகும் வரியில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாடாவைத் தினமும் துவைத்துக் காய்ந்ததையே கட்டுங்கள், இடம் மாற்றித் தளர்த்திக் கட்டுங்கள்.

துண்டு ஆளுக்கு ஒன்று. படர்தாமரை உள்ள மூவரின் துணியைத் தனியாகக் கொதிக்கும் வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, வெயிலில் காயப்போடுங்கள். கடல் காற்றில் நிழலில் காயும் துணி கையில் காய்ந்ததுபோல் இருந்தாலும் மடிப்பிலும் தையலிலும் ஈரம் நிற்கும். உள்ளாடையின் தையலை மட்டுமாவது இஸ்திரி போடுங்கள். பாய், போர்வை, தலையணை உறைக்கும் வாரம் இருமுறை இதே கவனிப்பு. தண்ணீர் லாரியை நம்பி இருக்கும் தெருவில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எல்லாத் துணிக்கும் முடியாவிட்டால் உள்ளாடை, துண்டு, லுங்கி மூன்றுக்காவது செய்யுங்கள். மூன்று பேரும் ஒரே வாரத்தில் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ஒருவர் முடித்தபின் இன்னொருவர் என்று போனால் ஒரே பாயில் கைமாறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் மாமியாரின் காலுக்கு எந்த இலையும் வேண்டாம், சீமை அகத்தியும் வேண்டாம். மருதாணியும் மஞ்சளும் அரைத்து விரலிடுக்கில் அப்புவது சேற்றுப்புண்ணுக்கு நம் ஊரில் வழக்கம். சர்க்கரை இல்லாத, தோல் வெடிக்காத காலுக்கு அது உதவும். சர்க்கரை உள்ளவரின் ஊறி வெளுத்த விரலிடுக்கில் வெடிப்பு இருந்தால் அது வழியாக வேறு கிருமி நுழைந்து கால் முழுக்கச் சிவந்து வீங்கும். உணர்ச்சி குறைந்த கால் என்பதால் எரிவதும் தெரியாது, வெந்நீரில் வைத்தால் சுடுவதும் தெரியாது. மீன் கழுவிய தண்ணீரில் நிற்காமல் ஒரு பலகை போட்டு உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் பழைய மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, இடையில் சிறு பஞ்சோ துணியோ வைத்துக் காற்றுப்பட விடுங்கள். கணவரோடு அவரையும் ஸ்டான்லிக்கு அழைத்துப் போங்கள், கடைசியாகச் சர்க்கரை பார்த்த சீட்டும் சாப்பிடும் மாத்திரைகளும் கையில் இருக்கட்டும். அதற்குள் காலில் சிவப்பு மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ துர்நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ புறநோயாளி நேரத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.